வெயிலில் நிறம் மாறிய நீர்

மலையூர்க் காப்பி விவசாயிகள் சங்கத்திலிருந்து பெண்கள் ஏன் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடப் பல்கலைக்கழகத்தின் மூன்று துறைகள் கூட்டுச் சேர்ந்திருந்தன. வணிகத் துறைப் பேராசிரியர் போப்பயான் என்ற நகரத்தை விட்டு அசையவில்லை. போனில் விரட்டுவதோடு சரி. மலையேறியது இரண்டு பேர்தான். மண்ணையும் செடியையும் பார்க்க ஃபபியான் லாசோ, மனசைப் பார்க்க டமாரிஸ் ஒர்தெகோன்.

ஃபபியானுக்கு வேலை சுலபமாக நடந்தது. மண் வாயைத் திறந்து பேச வேண்டியதில்லை. டமாரிஸ் பாடுதான் திண்டாட்டம். உளவியல் படித்தவள் வீட்டுக்கு வருகிறாள் என்றதுமே ஊர்ப் பெண்கள் ஒரு கோப்பைக் காப்பியைக் கையில் திணித்து, கடவுள் புண்ணியத்தில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு பேரைச் சொன்னால் மட்டும் எல்லார் நாக்கும் அவிழ்ந்தது: லியோனோர் சிலிட்டோ.

ஒரு வாய் உறிஞ்சினாலே எந்தச் சரிவில் விளைந்த காப்பி என்று சொல்லிவிடுவாளாம். சங்கத்தின் ருசி பார்ப்பவள் அவள்தான். நாலைந்து வருஷமாக, அறுவடை வந்தால் போதும், புத்தி பேதலித்துப் படுத்துவிடுகிறாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செத்தாள், சித்தியும் அப்படித்தான். சிலிட்டோ ரத்தத்திலேயே பைத்தியம் ஓடுகிறது என்றார்கள் ஊரில்.

அந்த வீட்டு வாசலில் லியோனோரின் தம்பி அல்தேமார் மறித்துக்கொண்டு நின்றான்.

"வேடிக்கை பாக்க வந்தீங்களா, எழுதிக்கிட்டுப் போக வந்தீங்களா?"

"அவங்க பேசினா கேக்க வந்தேன். வேண்டாம்னா போயிடறேன்" என்றாள் டமாரிஸ்.

உள்ளேயிருந்து லியோனோரே கூப்பிட்டாள்.

கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். நாற்பதுகூட ஆகாத பெண்ணுக்குக் கோப்பையைத் தூக்கக் கையில் பலமில்லை. கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசினாள். திடீரென்று சுவரில் எறும்பு ஊர்கிறது, துடை என்றாள். சுவர் வெறுமையாக இருந்தது. முதலில் வயிற்றுவலிதான் வருமாம், கத்தியால் கிண்டுகிற மாதிரி. குடல்வால் என்று அறுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அப்புறம் நகரத்து மனநல ஆஸ்பத்திரி. அங்கே வலிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து காலும் விழுந்துவிட்டது.

பெண்கள் பேசட்டும் என்று கொல்லைப்பக்கம் போயிருந்த ஃபபியான் அங்கிருந்து குரல் கொடுத்தான். "அடேயப்பா, காப்பிப் பழத்தோல் கஷாயமா இது? திராட்சை ரசம் மாதிரி இறங்கியிருக்கே. எனக்கு ஒரு டம்ளர் கிடைக்குமா?"

அல்தேமாரின் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "தாராளமா குடிங்க. அது எங்க அக்காவோட மூத்திரம்."

ஃபபியான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்த வேகத்தில் பக்கத்திலிருந்த கோழிகள் சிதறின. டமாரிஸுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"எப்பவுமே இந்த நிறமா?" என்று கேட்டாள்.

"இல்லையே. காலைல மஞ்சளாத்தான் இருந்துச்சு. கொட்ட மறந்து வெயில்ல விட்டுட்டேன்."

டமாரிஸ் குனிந்து பாத்திரத்தை உற்றுப் பார்த்தாள். காலி என்ற பெருநகரத்தில் மரபணு மருத்துவர் இவோன் ரெங்கிஃபோ நடத்திய ஒரு வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. பைத்தியம் போல வேஷம் போடும் ஒரு நோயைப் பற்றி அன்று பேசினார். வயிற்றுவலி, பிதற்றல், கைகால் சோர்வு, வெயில் பட்டால் சிவக்கிற நீர். டமாரிஸ் அப்போது கடைசி பெஞ்சில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். மீதிப் பாதி விழித்திருந்தது நல்லதாகப் போயிற்று.

கல்லறை மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓடி, மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். இவோன் அந்த மாத்திரையின் பேரைக் கேட்டார். சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"அதே மாத்திரைதான் அவங்களைக் கொல்லுதோ என்னவோ. சுகாதார நிலையத்து டாக்டரை இப்பவே என்கூடப் பேசவை. நீ புதுசா ஒரு சாம்பிள் எடு. வெளிச்சம் படக்கூடாது. நேரா என் கையில கொண்டு வா."

மாத்திரை நிறுத்தப்பட்டது. சர்க்கரைநீர் சொட்டு ஏற்ற ஏற்பாடாயிற்று. ஆனால் சாம்பிள் கேட்டதும் லியோனோர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போன தடவையும் ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க டாக்டரம்மா. ஒருத்தர்கூடத் திரும்பி வரல. இப்ப தரேன். ஆனா என்ன வந்தாலும், ஒண்ணுமே இல்லைன்னு வந்தாலும், நீங்களே வந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லணும்."

வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாள் டமாரிஸ்.

புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, மண் மாதிரிகள் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் இறக்கிக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையைத் தொட்டதும் வண்டி நின்றுவிட்டது. நில உரிமை கேட்டுப் பழங்குடி மக்கள் சாலையின் குறுக்கே வரிசையாகக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அவர்களுக்குக் காவலாகக் கையில் கோல் பிடித்து நின்ற நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மண் பரிசோதனை என்று ஃபபியான் ஆரம்பித்தான். வெள்ளித்தாள் சுற்றிய புட்டியை அவள் தூக்கிப் பார்த்ததும் அவன் டமாரிஸின் பக்கம் திரும்பினான்.

டமாரிஸ் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மலையில் ஒரு பெண் சாகக் கிடக்கிறாள், இது அவளுடைய மூத்திரம், இதில்தான் அவள் நோய்க்குப் பேர் இருக்கிறது.

அந்தப் பெண் புட்டியைப் பத்திரமாக ஐஸுக்குள் திருப்பி வைத்தாள். பிறகு கயிற்றுப் பக்கம் திரும்பி, "மூத்திரம் போகுது, வழி விடுங்கப்பா" என்று குரல் கொடுத்தாள். வரிசை நெடுக அந்தச் சேதி சிரிப்பும் கேலியுமாக அவர்களுக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு கயிறாகத் தாழ்ந்தது. கடைசிக் கயிற்றில் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு மரியாதை செலுத்தினார்.

காலியில் இவோன் அவர்களை உட்காரக்கூட விடவில்லை. சோதனைக் குழாயில் நீரைச் சொட்டினார், அதற்கான ரசாயனத்தைச் சொட்டினார். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. நீர் முதலில் ரோஜா நிறமானது. கண்ணெதிரே செக்கச்சிவந்தது. ஃபபியான் இவோனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, யாரைத் தூக்கினோம் என்று உறைத்ததும் மன்னிப்புக் கேட்டான். அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. தலைநகரத்திலிருந்து மருந்தை வரவழைக்கப் போனை எடுத்திருந்தார்.

நகரத்திலேயே இருந்து அறிக்கையை எழுது என்று போனில் சொன்னார் வணிகப் பேராசிரியர். டமாரிஸ் மறுநாளே மலைக்குத் திரும்பினாள்.

"உங்களுக்குப் பைத்தியம் இல்லை, லியோனோர் அம்மா. ஈரல்ல ஒரு வேலை பாதியில நின்னுபோகுது. பட்டினி கிடந்தா, ஒத்துக்காத மாத்திரை போட்டா, அந்தப் பாதி வேலை விஷமாகி நரம்பைப் பிடிக்குது. அறுவடையப்ப நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"அறுவடையில எந்தப் பொம்பள சாப்பிடுவா? பறிக்கிற ஆளுங்களுக்குப் போட்டுட்டு, மிச்சம் இருந்தா உண்டு" என்றாள் லியோனோர். அப்புறம் போர்வையை விலக்கிக்கொண்டு கேட்டாள். "அப்ப எங்கம்மா?"

"அவங்களுக்கும் இதேதான் இருந்திருக்கணும்."

லியோனோர் தம்பியைப் பார்த்தாள். "கட்டிப்போட்டோமேடா. பசிக்குதுன்னாளே, கட்டிப்போட்டோமே."

அல்தேமார் கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான். டமாரிஸ் வெளியே போய் நின்றாள். அழட்டும் என்று விட்டாள்.

மருந்து ஏற ஏற எறும்புகள் சுவரைவிட்டு இறங்கின. வயிறு அடங்கியது. கால் மட்டும் மெதுவாகத்தான் திரும்பியது. மரபணுச் சோதனையும் அதே நோயை உறுதி செய்தது. டமாரிஸுக்குத் தன் கேள்விக்கும் ஒரு நுனி அகப்பட்டது. சங்கத்தை விட்டு விலகிய பெண்கள் எல்லாருக்கும் இந்த நோய் இல்லைதான். ஆனால் வீடு வீடாகப் போய், அறுவடையில் நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டதும், கடவுள் புண்ணியம் என்றவர்கள் எல்லாம் மடை திறந்த மாதிரி பேசினார்கள். போனில் கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் முதல் தடவையாக யாரையும் விரட்டவில்லை. நானே வருகிறேன் என்றார்.

சிலிட்டோ குடும்பம் முழுக்கச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். சங்கத்துக் கிடங்கில் பெரிய அண்டாவில் கோழியும் மரவள்ளியும் கொதித்தன. யாரும் வெறும் வயிற்றோடு நிற்கக்கூடாது என்று லியோனோர் ஊன்றுகோலைத் தட்டி அதட்டினாள். ஊசியைக் கண்டதும் அல்தேமாருக்கு வியர்த்தது. அவன் தலையைத் தன் இடுப்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடுடா, ஆம்பளை" என்றாள்.

மாதாகோயிலில் பூசை முடிந்த நேரத்தில் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. கூரைமேல் வாழைத்தாரும் மூட்டையுமாக ஒரு பஸ் வந்து நின்றது. அக்கரை மலையிலிருந்து இறங்கியவர்களை ஊரில் யாருக்கும் தெரியவில்லை. முன்னால் வந்த பெண் தன் மகளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"நாங்க சிலிட்டோ இல்ல. ஆனா எங்க வீட்லயும் வெயில்ல சிவக்குது" என்றாள் அவள்.

லியோனோர் அந்தப் பெண்ணுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, மகள் கையில் ஒரு கிண்ணம் சூப்பைக் கொடுத்தாள். அவர்களுக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். டமாரிஸ் ஊசிப் பெட்டியைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு கல்லறை மேட்டுக்கு ஓடினாள்.