கொடியின் பின்பக்கம்

நிமியாவின் தையல் மேசை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அந்த ஒற்றை அறையில் அதைப் போட வேறு இடமில்லை. நடந்த தப்புக்கெல்லாம் அந்த மேசைதான் காரணம் என்று பிறகு அவள் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புவெனஸ் அயர்ஸில் பதின்மூன்று வருஷம் பிறத்தியார் பட்டறையில் தைத்தவள் அவள். கால்பந்துக் கொடிகள்தான், நாளுக்கு அறுபது. போன வருஷம் தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு, பராகுவேயில் தான் பிறந்த என்கர்னசியோனுக்குத் திரும்பி வந்தாள். தங்கை தெல்மிரா கூட வரவில்லை. இரண்டு வயிற்றுக்கு ஊரில் வேலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு வருகிறேன் என்று அங்கேயே ஒரு வீட்டில் சமையலும் துடைப்பமுமாக இருந்துவிட்டாள். பேருந்து கிளம்பும்போது சன்னலுக்கு வெளியே அவள் நின்ற நிலை நிமியாவின் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

அந்த வேலை இப்போது வாசல்வரை வந்திருந்தது. பரானா ஆற்றின் அக்கரை நாட்டிலிருந்து, போசாதாஸிலிருந்து, பாலம் தாண்டிச் சாமான் வாங்க வருகிறவர்களுக்காக ஆற்றங்கரை வியாபாரிகள் சங்கம் பாலத்தடியில் ஒரு வரவேற்புக் கூடம் கட்டியிருந்தது. அதில் ஒரு பெரிய தேசியக் கொடி வேண்டும், பக்கத்திலேயே நாட்டை அறிமுகப்படுத்தி ஒரு பக்கம் எழுத்து வேண்டும். எழுத்தைச் சங்கத்துச் செயலாளர் தோன் எலாதியோ எடுத்துக்கொண்டார். கொடி நிமியாவுக்கு வந்தது. கொடி பிடித்துப்போனால் சங்கத்தின் நாற்பது கடைக்கும் கொடி, பிறகு ஒவ்வொரு மே மாதமும் விடுதலை நாள் ஊர்வலக் கொடிகள். ஒருத்தியால் முடிகிற வேலை இல்லை அது. இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் யார் என்று நிமியா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம்.

திறப்புவிழா புதன்கிழமை மாலை நாலு மணிக்கு. திங்கட்கிழமை காலை, வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், காற்றில் எப்படி நிற்கிறது என்று பார்க்கக் கொடியை முற்றத்துக் கயிற்றில் தொங்கவிட்டாள். மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே நீலம். வெள்ளையின் நடுவே இரண்டு கிளைகள் அணைத்திருக்கும் மஞ்சள் நட்சத்திரம். ஒரு நூல் பிசகவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

பராகுவே கொடிக்குப் பின்பக்கச் சின்னம் வேறு, அங்கே சிங்கம் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் தலைகீழாக இருந்தது. அதன் பின்னால் நட்டிருக்கும் கம்பத்தின் உச்சியில் உள்ள சிவப்புத் தொப்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து அறை ஞா சிக்ஸ்தா அப்போது முற்றத்தில் உட்கார்ந்து உரலில் மூலிகை இடித்துக்கொண்டிருந்தாள். வயதில் மூத்த பெண்களை ஊரில் ஞா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரார் நாளெல்லாம் உறிஞ்சும் தெரேரே என்ற குளிர்ந்த பானத்துக்குத் தெருமுனையில் மூலிகை விற்கிறவள். அவளுக்கு நாக்கும் ஓர் உலக்கைதான். உலக்கையை நிறுத்தாமலே கழுத்தை வளைத்துப் பார்த்தாள்.

"என்னடி, உன் சிங்கம் சர்க்கஸ்ல சேந்துடுச்சா?"

நிமியா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இரட்டைத் துணி அது. ஒரு முகத்தை முடித்துவிட்டு மறுமுகத்துக்குப் போகும்போது, புத்தகத்தில் தாளைத் திருப்புவதுபோலப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் சுவர். சுற்றிப் போக வழியில்லை. மேல் விளிம்பைப் பிடித்து, போர்வையைத் திருப்புவதுபோலத் தன் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறாள். அழுக்குப் படாமல் இருக்கச் சிவப்பையும் நீலத்தையும் சுருட்டி ஊசி குத்தி வைத்திருந்ததால், கண்ணுக்கு முன்னால் இருந்தது வெள்ளை மட்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட இந்த ஊரில் கொடியைச் சரியாகத் திருப்பும். பதின்மூன்று வருஷம் பின்பக்கமே இல்லாத கொடிகளைத் தைத்த கைக்கு அது மறந்துபோயிருந்தது.

பிரித்து எடுக்கலாமா என்றால், நெருக்கிப் போட்ட தையல், வெள்ளைத் துணி சல்லடையாகிவிடும். புதிதாக ஆரம்பிக்க நாளில்லை.

மத்தியானம் தோன் எலாதியோ அளவு நாடாவோடு வந்தார். கையில் பாதி தின்ற சிப்பா ரொட்டி, நெற்றியில் வியர்வை. நல்ல மனுஷன்தான், ஆனால் எப்போதும் யாரோ துரத்துகிறதுபோல இருப்பார். நிமியா கொடியை நட்சத்திரம் மேலே தெரிய மடித்து வைத்திருந்தாள். அவர் அதைப் பார்த்து இரண்டு முறை "அழகு" என்றார். பிறகு, கண்ணாடிச் சட்டம் தயார் என்றும், கொடியை அதற்குள் வைத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டப் போகிறோம் என்றும் சொன்னார்.

"சுவர்லயா?" என்றாள் நிமியா. "அப்ப பின்பக்கம்?"

"பின்பக்கத்தை யாரும்மா பாக்கப் போறா? தூசு படாம இருந்தாச் சரி."

உரல் சத்தம் நின்றது. ஞா சிக்ஸ்தா இவளையே பார்த்தாள். நிமியா கொடியை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது, ஆனால் இறங்கிய இடம் சரியில்லை.

வந்ததற்கு இருக்கட்டும் என்று தோன் எலாதியோ தான் எழுதிய அறிமுகத்தைப் படித்துக் காட்டினார். பராகுவே தென் அமெரிக்காவின் நடுவில் இருக்கிறது. கடற்கரை கிடையாது. பரப்பு நான்கு லட்சத்து ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு சதுர கிலோமீட்டர். தலைநகரம் அசுன்சியோன். விடுதலை ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று. அவர் தாளிலிருந்து நிமிர்ந்தபோது ஞா சிக்ஸ்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை, நாடு எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சேன் என்றாள்.

அன்று சாயங்காலம் நிமியா கொடியின் முன்பக்கத்தைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் தெல்மிராவின் குரல் செய்தி வந்தது. பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே பேசினாள்.

"அக்கா, ரொம்ப அழகா இருக்கு. பின்பக்கமும் ஒரு படம் அனுப்பு, அவசரம். இந்த வீட்டம்மா நேத்து என்னைக் கேட்டாங்க, உங்க நாட்டுல கடல் இருக்கான்னு. இல்லம்மான்னேன். பனிமலை? இல்லம்மா. அப்ப என்னதான் இருக்குன்னு சிரிச்சாங்க. அப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் ஒவ்வொண்ணா வருது. எங்க ஊர்ப்பக்க அணையில கரண்ட் எடுக்கலன்னா உங்க ஃபிரிட்ஜ்ல பாதி ஓடாதும்மா. எங்க ஊர் சூப்பு சோளமாவு ரொட்டி மாதிரி, கத்தியால வெட்டித் தட்டுல வைப்போம்மா. ஆபீஸ்ல ஸ்பானிஷ், அடுப்படியில குவாரானின்னு ரெண்டு பாஷை பேசுவோம்மா. காலையில அவங்ககிட்ட இதை மட்டும் சொன்னேன், எங்க கொடிக்கு ரெண்டு முகம், முன்னாடி ஒண்ணு பின்னாடி வேறன்னு. நம்பவே மாட்டேங்கறாங்க. உலகத்துல எந்த நாட்டுக் கொடிக்கும் அப்படிக் கிடையாதாம். எங்க அக்கா தைக்கறா, காட்டறேன்னு சொல்லிட்டேன்."

நிமியா அதை மூன்று தரம் கேட்டாள். பிறகு கொடியை விரித்துச் சிங்கத்தைப் படம் எடுத்தாள். போனைத் திருப்பினாள். சிங்கம் நேராக நின்றது, ஆனால் நீலம் மேலே போய்ச் சிவப்பு கீழே வந்தது. மறுபடி திருப்பினாள். சிவப்பு மேலே வந்தது, சிங்கம் கவிழ்ந்தது. எப்படிப் பிடித்தாலும் ஒன்று சரியாக இருந்தால் இன்னொன்று சரியில்லை. அந்தப் படத்தை அவள் அனுப்பவில்லை. சுவர் ஊரார் கண்ணை மறைக்கும், தங்கை கண்ணை மறைக்காது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கண்ணாடிச் சட்டம் சுவரில் சாய்ந்து நின்றது, ஆள் உயரத்துக்கு. தோன் எலாதியோவுக்கு முன்னால் கொடியைத் தரையில் விரித்து, தானே பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். எங்கே தப்பு நடந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அதான் சுவர்ல மாட்டறோமே. நீ ஏம்மா வந்து சொல்றே? நான் கேட்டேனா?"

"நீங்க கேக்கலங்க. ஆனா பாலம் தாண்டி வர்றவங்களுக்கு நாம யாருன்னு சொல்லத்தானே இந்தக் கூடம்? பாதியைச் சுவத்துக்குக் காட்டிட்டு மீதியை அவங்களுக்குக் காட்டினா, அது எப்படி நம்ம கொடி ஆகும்?"

தோன் எலாதியோ சிப்பாவைத் தேடுகிறவர்போலச் சட்டைப் பையைத் தடவினார். சட்டம் செய்தாயிற்று, தலைவர் கத்துவார், ஊரின் அந்தக் கோடியில் ஒருவனிடம் அச்சடித்த கொடி தயாராக இருக்கிறது, நாளை மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் அதைத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று எல்லாம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வாசல்வரை வந்து, "ரெண்டு பக்கமும் தெரியணும்னா எங்கதான் மாட்டறது?" என்று கேட்டார். நிமியா நிமிர்ந்து பார்த்தாள். வாசலுக்கு மேலே குறுக்கே ஒரு கனமான மரவிட்டம் ஓடியது.

வரும் வழியெல்லாம் அந்தச் சல்லடைத் துணியையே நினைத்துக்கொண்டு வந்தாள். பிரிக்க முடியாது. பிரிக்காமலே என்ன செய்யலாம் என்று யோசித்தபோதுதான் பிடி கிடைத்தது. சின்னமே வட்டம்தானே. வெள்ளைத் துணியில் புதிதாக ஒரு வட்டம் வெட்டி, அதில் சிங்கத்தைத் தனியாகத் தைத்து, பழைய சிங்கத்தின்மேல் வைத்துச் சுற்றிலும் பிடித்துவிட்டால்? இரண்டு நாளில் அல்ல, ஒன்றே கால் நாளில் முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஞா சிக்ஸ்தா கடை திறக்கவில்லை. உன் சிங்கம் எழுந்து நிற்கிறதைப் பார்க்காமல் எனக்கு வியாபாரம் ஓடாது என்றாள். ஊசியில் நூல் கோத்துக் கோத்து வரிசையாகத் தலையணையில் குத்தி வைத்தாள். மணிக்கொரு தரம் தெரேரே கலந்து அந்த ஒற்றைக் குவளையை நீட்டினாள். ஒருத்தி உறிஞ்சியதும் நிரப்பி இன்னொருத்தி, மறுபடி இவள். பிடரி மயிருக்கு மஞ்சளில் மூன்று விதம் வேண்டியிருந்தது. வால் இரண்டு தரம் சரியாக வரவில்லை. மூன்றாவது தரம் வந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வட்டத்தைப் பழைய சிங்கத்தின்மேல் வைத்துப் பிடித்தாள். இந்தத் தடவை ஞா சிக்ஸ்தாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, கொடியை முற்றத்துக்கே எடுத்துப் போய், ஆளுக்கொரு முனை பிடித்து, பக்கவாட்டில் திருப்பினார்கள். சிவப்பு மேலேயே இருந்தது. தொப்பி வானத்தைப் பார்த்தது.

"உள்ள ஒண்ணு தலைகீழா தூங்குது," என்றாள் நிமியா.

"தூங்கட்டும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் தூங்குவாரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

கூடத்தில் ஏணி தயாராக நின்றது. தோன் எலாதியோ கொடியின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார், புதுத் துணியின் விளிம்பை விரலால் தடவினார், தானே ஏணியில் ஏறினார். கொடி மரவிட்டத்திலிருந்து வாசல் நடுவே தொங்கியது. செய்த சட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல், தன் ஒற்றைத் தாள் அறிமுகத்தை அதற்குள் ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார். ஆள் உயரச் சட்டத்தின் நடுவில் அந்தத் தாள் தபால் தலைபோல இருந்தது. மீதி இடம் பார்க்க வெறுமையாக இருந்ததால், நிமியாவிடம் கேட்டு, தெல்மிரா சொன்னதையெல்லாம் பெரிய எழுத்தில் அதற்குக் கீழே எழுதினார். அணை, வெட்டித் தின்னும் சூப், அடுப்படிப் பாஷை, எல்லாம். ஃபிரிட்ஜ் விஷயத்தை மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, எழுதினார்.

நாலு மணிக்கு ஆற்றுக்காற்று எழுந்தது. முதல் பேருந்தில் வந்தவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அறிமுகத்துக்கு முன்னால் நின்று படித்தார்கள், ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். வெளியே போகும்போது கொடியின்கீழ் ஒரு பெண் நின்றுவிட்டாள். வரும்போது இங்கே நட்சத்திரம்தானே இருந்தது, இப்போது சிங்கமா என்று கணவனைக் கேட்டாள். அவன் உள்ளே போய்ப் பார்த்தான், வெளியே வந்து பார்த்தான். கத்துவார் என்று எல்லோரும் பயந்த சங்கத் தலைவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தோன் எலாதியோவின் காதில் ஏதோ சொன்னார்.

தோன் எலாதியோ அன்றைக்கு முதல்தடவையாக அவசரமில்லாமல் நடந்து வந்தார். "நாப்பதும் உனக்குத்தாம்மா. எல்லாம் ரெண்டு முகம். ஆனா ஒத்தை ஆளா முடியுமா உன்னால?"

"ஒத்தை ஆள் இல்லங்க," என்றாள் நிமியா.

காற்றில் கொடி திரும்பித் திரும்பி இரண்டு முகத்தையும் காட்டியதை அப்படியே போனில் வீடியோவாகப் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினாள். தலைகீழாகத் தைத்த கதையையும் சேர்த்துச் சொன்னாள், நாற்பது கொடியையும் சொன்னாள். பதில் வர நேரமாயிற்று. வந்தபோது பாத்திரச் சத்தமே இல்லை.

"வீட்டம்மா மூணு தரம் போட்டுப் பாத்தாங்க அக்கா. அப்புறம் என்னைப் பாத்தாங்க. நான் சனிக்கிழமை பஸ்ஸுக்குச் சொல்லி வச்சுட்டேன்." கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். "நீ நட்சத்திரத்தைப் பாத்துக்கோ. சிங்கத்தை நான் பாத்துக்கறேன். உன்னை நம்பி அதை விட முடியாது."

நிமியா வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கவில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளினாள். ஞா சிக்ஸ்தாவைக் கூப்பிட்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தையல் மேசையைச் சுவரை விட்டு நகர்த்தி, அறையின் நடுவில் கொண்டுவந்து போட்டார்கள். இனி நடக்கக்கூட இடமில்லை என்று ஞா சிக்ஸ்தா முணுமுணுத்தாள். நிமியா அதைக் காதில் வாங்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.