கதவுள்ள வீட்டுக்கு ஊசி

"சாக்குல எழுத முடியாதுய்யா! எத்தினி தபா சொல்றது?"

"அப்பொ எம்மேல எழுதுங்க சாமி! நெஞ்சு அகலமாத்தான கீது!"

காலரா ஊசி போட வந்த ராஜாராம் காவிக்கட்டியை ஆட்டிக் கத்தினார். எல்லப்பன் வெற்று மார்பைத் தட்டிக் கத்தினான். கேளம்பாக்கத்து உப்பளம் மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

விஷயம் இதுதான். திருப்போரூர் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் வாந்திபேதி பரவிவிட்டது. ராஜாராம் வீடுவீடாக ஊசி போட்டுக்கொண்டு வந்தார். போட்ட வீட்டுக் கதவில் தேதியையும் எத்தனை தலை என்பதையும் காவியால் எழுத வேண்டும். பின்னால் மேலதிகாரி வந்து கதவைப் பார்ப்பார். அளத்துக் குடிசைகளிலோ வாசலுக்கு ஒரு உப்புச் சாக்குதான். படூர்ப் பக்கம் மாட்டுக்கொட்டகைக் கதவில்கூட ஊசி போட்டதாகக் காவி எழுத்தைப் பார்த்தவர்கள் உண்டு. சத்தியம் பண்ணச் சொன்னால் பின்வாங்குவார்கள்.

"சாக்க நாளைக்கே சுருட்டிக்கினு போயிடுவீங்க. மருந்த எங்க கொட்டினன்னு அதிகாரி என்னைக் கேப்பாரு. நெல்லூர்க்காரங்கதான நீங்க? ஆந்திராதான் தனியா பிரிஞ்சி போச்சே, அங்க போயி போட்டுக்கறது!"

"எங்க தாத்தா வந்தவருங்க. இவ இங்கியே பொறந்தவ."

இவ என்றால் பூவாயி, எல்லப்பன் பெண்சாதி. ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டி, வலிக்குமென்று முகத்தை முன்கூட்டியே சுளித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"புதங்கெழமை வரேன். கதவு இருந்தா போடறேன்" என்று சைக்கிளில் ஏறினார் ராஜாராம். கெட்ட மனுஷர் இல்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே, பாவம். அவர் தலை மறைந்த பிறகும் பூவாயி ரவிக்கைக் கையை இறக்கிவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எல்லப்பன் மூன்று மைல் நடந்து கோவளத்துப் பழைய மரக்கடைக்குப் போனான். கடைக்காரர் ஜெயினுலாபுதீன் சிரித்தார்.

"செவுரே இல்ல, கதவு எதுக்குடா?"

"ஊசிக்குங்க பாய்."

உள்ளேயிருந்து அவர் மனைவி பதருன்னிசாவின் குரல் வந்தது. "பழைய குசினிக் கதவு சும்மாதானே கெடக்கு, குடுத்தனுப்புங்க. நம்ம வூட்ல ஏழு பேருக்கு எட்டுன்னு எழுதிட்டுப் போயிருக்காரு அந்த ஆளு. பூனையையும் சேத்துக்கினாரு போல."

கதவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவனை ஊர்க்கிணற்றடியில் பெண்கள் நிறுத்தினார்கள். "இன்னா எல்லப்பா, மாடி வூடு கட்டப்போறியா?" கேலி பண்ணினாலும், கதவின் நிழல் கிணற்றில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அளத்துக்காரர்களுக்கு அந்தக் கிணறு கிடையாது. கால்வாய் ஓரத்துக் குழியில் ஊறுவதுதான் அவர்களுக்குக் குடிதண்ணீர்.

குடிசை வாசலில் சாக்கு விலகிக் கிடந்தது. தங்கை வேண்டா ஓடி வந்தாள்.

"அண்ணிக்குக் காலைலேர்ந்து பத்து தபாவுக்கு மேல போயிடுச்சுண்ணே. வாந்தி நிக்கல."

பூவாயியின் விரல்கள், நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தன. கதவை வாசலில் வைக்க எல்லப்பனுக்கு நேரமில்லை. தரையில் போட்டு, அவளை அதன்மேல் கிடத்தி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"வாந்திபேதியா? அய்யய்யோ, ரைட் ரைட்!"

திருப்போரூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். வெயில் ஏறியது. பூவாயி படுத்தபடியே விரலால் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. தாப்பாள் எங்க?"

"அப்பறம் போட்டுக்கலாம்."

"தாப்பாள் இல்லாம இன்னா கதவு" என்றாள்.

ஒரு புளியமரத்தடியில் தண்ணீர் கேட்டாள். அடுத்த மரத்தடியில் எதுவும் கேட்கவில்லை. நாலு பேரும் கதவை இறக்கி, அவள் முந்தானையை முகத்துக்கு இழுத்து மூடினார்கள். வந்த வழியே திரும்பினார்கள்.

புதன்கிழமை, சொன்ன சொல் தவறாமல் ராஜாராம் வந்தார். கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்த கதவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பரவால்லியே! வந்துடுச்சே கதவு!"

பிறகுதான் முகங்களைப் பார்த்தார். ஊசியைச் சுடவைத்தார். எல்லப்பனுக்குப் போட்டார், வேண்டாவுக்குப் போட்டார். காவிக்கட்டியைக் கதவருகே பிடித்துக்கொண்டார்.

"எத்தினி பேரு?"

"மூணு" என்றான் எல்லப்பன்.

வேண்டா அண்ணனைப் பார்த்தாள். காவிக்கட்டி அந்தரத்தில் நின்றது.

"ரெண்டுங்க" என்றாள்.

ராஜாராம் எழுதிவிட்டு, குனிந்தபடியே, "அடுத்த குடிசைக்கு இதையே தூக்கியாங்க" என்றார். மத்தியானத்துக்குள் அந்த ஒரே கதவு பதினொரு குடிசை வாசலிலும் சாய்ந்து நின்றது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொரு வரி. முதலில் வந்த அன்றைக்கே இது அவருக்குத் தோன்றியிருக்கலாம் என்று அளத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி கடைசிவரை வரவேயில்லை.

வேண்டாவை அந்தத் தையிலேயே அச்சரப்பாக்கத்தில் ஒரு வண்டிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ராஜாராமுக்கு உத்தியோக உயர்வோடு மதுராந்தகத்துக்கு மாற்றல். எல்லப்பன் படூரில் ஒரு தென்னந்தோப்புக் காவலுக்குப் போய்விட்டான். கதவைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் போனான். அங்கே மண்சுவர் வைத்த குடிசையாம். காவி எழுத்தை அழிக்கவில்லையாம். பட்டப்பகலிலும் உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறான், ஒண்டிக்கட்டை வீட்டில் களவு போக என்ன இருக்கிறது என்று தோப்புக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

தாழ்ப்பாள் பித்தளையாம்.