ஊசிக்குப் பிடித்துக் கொடுத்தவள்

விடியுமுன்பே குழி வெட்டத் தொடங்கிவிட்டோம். அய்யலூர்ப் பக்கத்துச் செம்மண் கடப்பாரைக்கு அசையவில்லை. உள்ளங்கைக் கொப்புளம்தான் உடைந்தது. ஆட்டுப்பண்ணையில் கூலிவேலை பார்க்கும் நானும் சுந்தரம்மாளும் மண்ணை அள்ளிப் போட, எங்களோடு வேலை செய்யும் கிதர் முகம்மது செத்த ஆடுகளைக் காலைப் பிடித்து இழுத்து வந்தான். ஆட்டுக்கொல்லி நோய் வந்து பத்தே நாளில் பண்ணையின் மேற்குப் பட்டி காலி.

காலியான அந்தப் பட்டியில் இன்னும் ஆடு கத்துகிறது, என் காதுக்கு மட்டும். கூட்டும்போது கத்துகிறது, கஞ்சி குடிக்கும்போது கத்துகிறது. "ஒனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு பெருமாயி" என்றாள் சுந்தரம்மாள். கெட்டது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் அந்தப் பட்டிக்குத் தடுப்பூசி போட்டபோது ஆடுகளைப் பிடித்துக் கொடுத்தவள் நான். பழக்கதோஷம், ஒவ்வொன்றின் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் சோறுபோல வெளுத்திருந்தது. வயிற்றுப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டர் வினிதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "மொதல்ல புழு மருந்து. ரெண்டு வாரம் கழிச்சு ஊசி. புழு தின்ன ஒடம்புல ஊசி சரியா வேலை செய்யாது." முதலாளி சிவபிரகாஷோ, புழு மருந்து கொடுத்தால் ஆடு கழிந்து எடை குறையும், சந்தைக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

குழியை மூடுமுன் முதலாளியின் கார் வந்தது. மிச்சமிருந்த கிழக்குப் பட்டிக்கு ஊசி போட ஓர் ஆளையும் கூட்டி வந்திருந்தார். முதலாளி கையில் ஒரு தாள்.

"போன மாசம் கிதரு ஊசி மருந்து ஐஸ் பெட்டிய வெயில்ல வச்சிட்டான், மருந்து கெட்டுப்போச்சு. போலீசுல புகார் குடுக்கப் போறேன். நீங்க ரெண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. ஏலே கிதரு, நீ இன்னைக்கே பண்ணை ரூமைக் காலி பண்ணு."

"பெட்டி என் மடியிலதான்யா இருந்துச்சு" என்றான் கிதர்.

மேற்குப் பட்டி கத்தியது. இந்த முறை நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"மருந்து கெடல மொதலாளி. ஆட்டுக்கு ஒடம்புல ரத்தமே இல்ல. கண்ணு அம்புட்டும் வெள்ளை. பாத்துட்டுத்தான் புடிச்சுக் குடுத்தேன், பாவி. சாட்சி வேணும்னா இதை எழுதிக்கங்க."

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

"படிக்கல. கிழக்குப் பட்டிப் புழுக்கைய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். புழு இருக்கான்னு படிச்சவங்க சொல்லட்டும்."

"வாய் நீளுதோ? நீயும் வெளிய போ."

சுந்தரம்மாள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். முதலாளி முன் தலை நிமிராதவள் அவள். "அவுக ரெண்டு பேரும் போனா நானும் போறேன். புழு மருந்து குடுக்காம இனி ஒரு ஆட்டையும் ஊசிக்குப் புடிக்க மாட்டோம்."

முதலாளி தானே பட்டிக்குள் இறங்கினார். ஒரு கிடாயின் காதைப் பிடித்தார். அது உதறிவிட்டு ஓடியது. இரண்டாவதும் ஓடியது. ஊசி போட வந்தவர் பெட்டியை மூடிக்கொண்டார்.

"சாயந்தரம் ஆளுகளோட வாரேன். அப்ப ஒருத்தரும் இங்க இருக்கக் கூடாது!"

கார் போன பிறகு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிதரின் மனைவி காதர் பீவி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சாமானக் கட்டட்டுமாக்கா?"

எனக்கும் பயம்தான். மேற்கே இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்:

"கட்டாத. எல்லாருக்கும் சேத்து சோத்துக்கு ஒல வையி."