கடைசி இரண்டு மரங்கள்

மரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று விஜயம் போனில் சொன்னதும் பிச்சைக்கனி வழக்கம்போலத்தான் கேட்டார்.

"கதவாம்மா, ஜன்னலாம்மா? தேக்குன்னா பாலிஷ் போட்டாப் போதுமே."

"கதவுமில்லை, ஜன்னலுமில்லை. மண்ணுல நிக்கற மரமாக்கும். பட்டர் ஃப்ரூட். பதினெட்டு இருக்கு. நாளைக்குக் கார்த்தால முல்லூருக்கு வரேளா?"

தனக்குத்தான் காது சரியில்லையோ என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ராதாபுரம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து இருபத்திரண்டு வருஷமாகப் பெயிண்டர் வேலை பார்க்கிறவர். போன வருஷம் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தது. கை கூடிவிட்டது. உயரத்தில் ஏறினால் தலை சுற்றுவது மட்டும் நிற்கவில்லை. காம்பவுண்டுச் சுவர், கேட், உள் அறை என்று தரையில் நின்று செய்கிற வேலைக்கு மட்டும் போனார். அப்படிப்பட்ட வேலை வாரத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. கோட்டைக்குள் இருக்கும் விஜயத்தின் வீட்டு கேட்டுக்கு அவர்தான் இரண்டு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறார். அந்த அம்மாள் கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

விழிஞ்ஞத்துக்கு மேலே, துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தெரிகிற சரிவில் இருந்தது அந்த நிலம். செக்ரட்டேரியட்டிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு விஜயம் வாங்கியது. வயநாட்டுக் குளிரில் வளர்கிறதை இந்த வெயிலில் வைப்பாளா என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். முதல் இரண்டு வருஷம் மரங்கள் நன்றாகவே வந்தன. மேற்கே பக்கத்து நிலத்துத் தென்னைகள் சாயங்கால வெயிலை மறைத்துக்கொண்டிருந்தன. ரோட்டுக்காக அந்தத் தென்னைகளை வெட்டியபோது அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. விஜயமும் நினைக்கவில்லை.

பிப்ரவரி கடைசி. காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. விஜயம் ஒரு மரத்தின் அருகே குனிந்து காட்டினாள். கிழக்குப் பக்கம் தண்டு பச்சையாக இருந்தது. மேற்குப் பக்கம் பட்டை பழுப்பேறி, நெடுக ஒரு கோடாக வெடித்திருந்தது.

"பாத்தேளா? பூ விடற சமயத்துல பழைய இலையெல்லாம் கொட்டிடறது. தண்டுல வெயில் நேரா அடிக்கறது. சின்ன மரத்துக்குப் பட்டை ரொம்ப மெலிசு, தாங்காது. வெள்ளை அடிச்சா சூடு ஏறாது."

பிச்சைக்கனி விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மரம் என்று நம்ப முடியவில்லை.

"வெள்ளை எமல்ஷன் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. வேற எதுவும் சேர்க்கப்படாது. அடியிலேர்ந்து கிளை பிரியற இடம் வரைக்கும். நான் இன்னிக்கே பெங்களூர் போறேன். என் பொண்ணு ஸ்நேகாவுக்கு இந்த வாரம்தான் பிரசவத் தேதி. மோட்டார் ரூம் சாவி உங்க கையில இருக்கட்டும்."

வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. மணிக்கட்டுப் பருமனில் தண்டு. இரண்டு இஞ்ச் பிரஷ். குத்த வைத்து உட்கார்ந்து, சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே போனார். ரோட்டு வேலைக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற ஊர்க்காரப் பையன் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, பொங்கல் முடிஞ்சி போச்சே! மாட்டையும் காணும், கொம்பையும் காணும்?" என்று கத்தினான். பிச்சைக்கனியும் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் பதினாறாவது மரம் முடிந்ததும் டின் காலியானது. இன்னும் இரண்டே மரம். கடைக்கு ஜங்ஷன் வரை இறங்கிப் போக வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. மோட்டார் ரூமில், இரும்புக் கதவுக்கு அடித்த வெள்ளை எனாமல் அரை டின் மீதி இருந்தது. பக்கத்தில் தின்னர் பாட்டில். வெள்ளைக்கு வெள்ளைதானே என்று நினைத்தார். நீர்க்கக் கலக்கி இரண்டு மரத்துக்கும் அடித்தார். மற்ற பதினாறையும்விட அவை பளபளவென்று நின்றன.

பிரஷைக் கழுவும்போது தின்னர் வாடை மூக்கில் ஏறியது. 'வேற எதுவும் சேர்க்கப்படாது' என்று அந்த அம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து விஜயம் கூப்பிட்டாள். ஸ்நேகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். அதைச் சொன்ன குரலில் சந்தோஷம் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் இல்லை.

"மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ பிச்சைக்கனி? நாலு மரத்தைத் தோண்டி எடுக்கணும்."

நிலத்துக்குப் போய் நின்றபோது அவருக்குக் கேட்காமலே விளங்கிவிட்டது. பதினாறு மரங்கள் திடமாக நின்றன. சிலவற்றில் செம்பு நிறத்தில் தளிர்கூட விட்டிருந்தது. மேற்கு மூலையில் கடைசி இரண்டு மட்டும் இலை தொங்கி, ஓரம் கருகிக் கிடந்தன. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பட்டையோடு உரிந்து வந்திருந்தது. அடியில் கருப்பு.

"கிருஷி பவன்ல விவசாய ஆபீசர் ரெஷ்மா மேடத்துக்கு ஃபோட்டோ அனுப்பினேன். வேரழுகலா இருக்கலாமாம், வியாழக்கிழமை வந்து பார்த்துட்டுச் சொல்றேன்னா. வேரழுகல்னா தண்ணி வழியாப் பரவிடும். வியாழக்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுமையில்லை. இந்த ரெண்டையும் அண்டையில நிக்கற ரெண்டையும் எடுத்துடலாம். பாக்கியாவது பிழைக்கட்டும்." அவள் குரல் தாழ்ந்தது. "எல்லாம் என்னோட தப்பு. ஊருக்குப் போற அவசரத்துல சொட்டுநீரை அதிகமா திறந்து வச்சுட்டேன் போலிருக்கு."

பிச்சைக்கனி மண்வெட்டியை எடுத்தார். நல்லபடியாக நின்ற பதினாறாவது மரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். மூடாக்காகப் போட்டிருந்த சருகை விலக்கி, இரண்டு வெட்டு வெட்டினார். மேல் மண்ணிலேயே வேர்கள் நூல் நூலாக, வெளுப்பாக, ஈரத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. அழுகல் எதுவும் இல்லை. மூன்றாவது வெட்டுக்குக் கை ஓங்கவில்லை.

மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா, இதைத் தோண்ட வேண்டாம். சீக்கு ஒண்ணும் இல்ல. நான் செஞ்சதும்மா."

"என்ன செஞ்சேள்?"

"கடைசி ரெண்டுக்கும் எமல்ஷன் பத்தல. உள்ள கெடந்த எனாமலைத் தின்னர் ஊத்தி அடிச்சிட்டேன்."

விஜயம் மோட்டார் ரூமுக்குள் போனாள். டின்னைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதிலிருந்ததைப் படித்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணிருக்கலாம்மா."

"ஏன் பண்ணலை?"

ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள் என்று நினைத்தேன், தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன், என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அது உண்மையில்லை.

"வேலையை அன்னைக்கே முடிச்சிட்டுப் போயிரணும்னு இருந்துச்சி. வேற காரணம் ஒண்ணும் இல்லம்மா."

"நாலு நாளா நான் என்னைத்தான் திட்டிண்டிருக்கேன்," என்றாள் விஜயம். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னிக்குப் போங்கோ. நான் கூப்பிடறேன்."

வீட்டுக்கு வந்து மனைவி மாடம்மாளிடம் சொன்னார். அவள் ஒரு ஹோட்டலில் காய் நறுக்குகிற வேலையை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா கூப்பிட மாட்டாக," என்றாள்.

"தெரியும்ட்டி."

"கூப்பிடாட்டியும் போங்க. மரம் அங்கதான நிக்கி."

மறுநாள் காலையில், பழைய கான்ட்ராக்டரின் சைட்டில் சாரத்துக்குக் கட்டிக் கிழிந்துபோன பச்சை வலையைக் கேட்டு வாங்கினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பானூரில் பஸ் பிடித்தார். அவர் போனபோது விஜயம் ஏற்கனவே அங்கே இருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மொட்டைக் கத்தியால் பதினெட்டாவது மரத்தில் எனாமலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

"மெதுவாச் சுரண்டணும். கிழக்குப் பக்கம் கொஞ்சம் பச்சை இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு பேருமாகச் சுரண்டினார்கள். பிறகு அவர் மரத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் கம்பு நட்டு, இலையில் படாமல் ஒரு முழம் தள்ளி வலையைக் கட்டினார். மேலே சுற்றி மூடினால் உள்ளே புழுங்கும், காற்று போக வர வேண்டும் என்று விஜயம் சொல்லச் சொல்ல முடிச்சுகளை மாற்றிப் போட்டார்.

வியாழக்கிழமை ரெஷ்மா வந்தாள். பதினேழாவது மரத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இது போயி சேச்சி," என்றாள். பதினெட்டாவதைச் சுற்றி வந்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை ஓடுகிறது, அது போதும் என்றாள். செத்த பட்டையை எடுத்துவிட்டு மருந்து பூசச் சொன்னாள். தண்ணீரை அளவாக விடவும், நிழலை எடுக்காமல் இருக்கவும் சொன்னாள். வலை கட்டியது யார் என்றும் கேட்டாள். விஜயம் பிச்சைக்கனியைக் காட்டினாள். எனாமல் அடித்தது யார் என்று ரெஷ்மா கேட்கவில்லை, விஜயமும் சொல்லவில்லை.

ஏப்ரல் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் பிச்சைக்கனி வந்தார். மே மாதத்துக்குள் சூரியன் தலைக்கு மேலே கடந்து வடக்கே சாய்ந்தது. சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து வந்து விழுவதை முதலில் கவனித்தவர் அவர்தான். தெற்குக் கம்பைப் பிடுங்கி வடக்கே நட்டார். விஜயம் அதைப் பார்த்துவிட்டு ஃப்ளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்தாள். அன்றுதான் ஸ்நேகாவின் குழந்தையுடைய போட்டோவைப் போனில் காட்டினாள்.

"உங்க சாடைதாம்மா," என்றார்.

"போங்கோ, எல்லாரும் மாப்பிள்ளை சாடைன்னு சொல்றா," என்று சிரித்தாள்.

அதற்குள் முல்லூரில் இன்னொருவர், ரம்புட்டான் தோட்டம் வைத்திருக்கும் நேசமணி, தன் மரங்களுக்கும் வெள்ளை அடித்துத் தர வேண்டும் என்று கேட்டு வந்தார். பிச்சைக்கனி முதலில் எந்தப் பெயிண்ட், எத்தனை டின் என்று எழுதித் தரச் சொன்னார். ஒரு டின் கூடுதலாகவே வாங்கி வைக்கச் சொன்னார்.

ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் விஜயம் போன் செய்தாள். "ஓடி வாங்கோ, வந்து பாருங்கோ." பதினெட்டாவது மரத்தில், ஒட்டுக்கட்டின இடத்துக்கு மேலே பச்சை ஓடிய பக்கத்தில் அரிசி அளவுக்கு மூன்று முளை விட்டிருந்தது. பிச்சைக்கனி தொடாமல் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. மழைக்காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

செத்துப்போன பதினேழாவதை அன்றே எடுத்தார்கள். குழியை அகலமாக்கி, பழைய மண்ணை மாற்றி, மேடு கட்டிப் புதிய ஒட்டுக்கன்றை வைத்தார்கள். விஜயம் கன்றை நேராகப் பிடித்துக்கொள்ள, பிச்சைக்கனி மண்ணைக் கையால் அணைத்தார்.

"அடுத்த வெயிலுக்கு ஃபெப்ருவரி மொதல் வாரத்துலயே வந்துடுங்கோ. இந்தத் தடவை மாதிரி கடைசியில ஓட வேண்டாம்," என்றாள்.

"ஜனவரிலயே வாறேம்மா. எல எப்பக் கொட்டுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்லா."

கடல் பக்கமிருந்து அடுத்த மழை ஏறி வந்தது. இரண்டு பேரும் மண்ணாகிப்போன கையோடு மோட்டார் ரூமுக்குள் ஓடி நின்றார்கள். கன்றின் மேல் மழை விழுவதைப் பார்த்தபடி, அது கொஞ்சம் நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள்.