முதல் வரிசையில் ஒரு போன்

கல்லூரி வைஃபைக்கு நான்தான் பொறுப்பு. ஒழுங்காக ஓடினால் என்னை யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடம் நின்றுபோனால் எல்லார் வாயிலும் நான்தான்.

மூன்றாம் மாடி வகுப்பில் பிள்ளைகள் போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்று பேராசிரியை என் உயிரை எடுத்தார். செல்போன் சிக்னல் எட்டாத அறை அது. வைஃபையை நிறுத்தினால் போதும். அதனால் ஒருநாள் நானே வகுப்பின் முன்னால் நின்று அறிவித்தேன். பேசிக்கொண்டே என் போனிலிருந்தே அந்த அறை வைஃபைக்குத் தடையையும் போட்டேன். கொஞ்சம் கெத்துதான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பத்து நாளாக ஒரு போன் மட்டும் அடங்கவில்லை. வகுப்பு தொடங்கியதும் இணைப்புக் கேட்கும். மறுத்தால் அடுத்த நிமிடமே மறுபடி கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ விளையாட்டுப் பைத்தியம் என்று முடிவுகட்டி, அந்தப் போனைக் கல்லூரி முழுக்க முடக்கிவிட்டு, ஆளைப் பிடிக்க மாடியேறினேன்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஒரு தடவை சொன்னா புரியாதா?"

அவள் திரும்பவே இல்லை. மேஜையைத் தட்டினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குக் காது கேக்காது சார். மிஸ் பேசறது இதுல எழுத்தா வரும். பத்து நாளா நெட் கெட்டுப்போச்சு. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாக்கறேன்."

வரும் வெள்ளிக்கிழமை தேர்வு. அவள் நோட்டில் பத்து நாளும் தேதி மட்டும் இருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேனேம்மா..." என்று இழுத்தேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, போனை என் பக்கம் திருப்பினாள்.

"நீங்க அன்னைக்குப் பேசினது இவ்ளோதான் வந்துச்சு. அப்புறம் எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டிட்டேன்."

திரையில் என் பேச்சு இருந்தது: 'எல்லாரும் கவனிங்க. உங்க நல்லதுக்குத்தான் ஒண்ணு செய்யறோம். இதனால யாருக்காவது கஷ்டம்னா'

அதோடு அறுந்திருந்தது. அந்த இடத்தில்தான் நான் தடையைப் போட்டிருக்கிறேன்.

"மன்னிச்சுடும்மா" என்றேன். அவள் பழக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் வரவில்லை. சற்றுமுன் நான் போட்ட தடை அப்படியே இருந்தது. வெட்கமாக இருந்தது. அவசரமாக அதையும் அறைக்குப் போட்ட தடையையும் எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன்.

இந்த முறை வந்தது. நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பத்து நாளும் வருமா சார்?"