சும்மா இருந்த குடுவை

உதவியாளர் பாவாடை கண்ணாடிக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்து, அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த ஆராய்ச்சி மாணவி ஜீனத்துன்னிசா அதை எடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். மூன்று மாத உழைப்பு சோப்புத்தூளோடு சாக்கடைக்குப் போயிருந்தது.

"இத யாருண்ணே தொறந்தது?"

"நான்தாம்மா. ஒயர் மாட்டுன குடுவைக்கு வெளியிலயே பொட்டு வச்சிட்டேன், கரண்டுன்னு பயம். இது சும்மாதான இருந்துச்சி? தொறந்தா மூக்கப் பொளக்குற நாத்தம். நல்லா தேய்ச்சி வச்சேன்."

மில்லில் இருபது வருஷம் தறி ஓட்டிவிட்டுக் கல்லூரிக்கு உதவியாளராக வந்தவர் பாவாடை. பூஜைக்கு முன்னால் ஓடாமல் நிற்பதையெல்லாம் துடைத்து வைப்பது மில் பழக்கம். அதைத்தான் இங்கேயும் செய்தார்.

அந்தச் சும்மாதான் சோதனையே என்பது அவருக்குத் தெரியாது. உயிர் தோன்றுவதற்கு முன்னால் பூமியில் மின்னல் வெட்டி வெட்டியே அமினோ அமிலம் உண்டாகியிருக்குமா என்பது கேள்வி. அதற்கு இரண்டு குடுவைகள். ஒரே கண்ணாடி, ஒரே தண்ணீர், ஒரே வாயு, ஒரே சூடு. ஒன்றில் மட்டும் ஏழு நாள் தீப்பொறி. அதில் மட்டும் அமிலம் இருந்தால் அது மின்னலின் வேலை. மற்றதிலும் இருந்தால் அது கைவேர்வை, எச்சில், எங்கிருந்தோ ஒட்டிய அழுக்கு. ஜூன் மாதம் அப்படித்தான் ஆனது. சும்மா இருந்ததிலும் மங்கலாக ஊதாப் புள்ளி விழுந்தது. அதனால்தான் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் வெளி அழுக்கு புகாத புது மூடி செய்து வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பாவாடையைத் திட்ட வாய் வரைக்கும் வந்தது. இந்தக் குடுவை எதற்கு என்று அவரிடம் ஒரு நாளாவது சொன்னோமா என்று நினைத்ததும் கோபம் தன் மேலேயே திரும்பியது.

மிச்சமிருந்த குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தாளில் வைத்து, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினாள். அமினோ அமிலம் பட்டால் ஊதாவாகும் மருந்து அது. புள்ளி கத்தரிப்பூ நிறத்தில் எழுந்தது.

பேராசிரியர் சுப்பிரமணியன் வந்து பார்த்தார். மேசை மேல் கிடந்த புதுத்தாளில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"பிரமாதம்மா. பம்பாய்க் கருத்தரங்குக்கு இது போதும். இன்னொண்ணுல ஒண்ணுமில்லன்னு எழுதிடு."

"அதக் கழுவிட்டாங்க சார். நான் பாக்கவே இல்ல."

"சும்மா இருந்த குடுவையில என்னம்மா இருக்கப் போவுது? கட்டுரை போவலன்னா டிசம்பரோட உன் ஆராய்ச்சி இடம் போயிடும். யோசிச்சிக்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாவாடை சொன்ன அதே வார்த்தை. அவர் தெரியாமல் சொன்னார். இந்த மனுஷன் வருஷா வருஷம் கரும்பலகையில் இரண்டு குடுவை வரைந்து பாடம் நடத்துகிறவர். ஜூனில் விழுந்த புள்ளியைத் தன் கண்ணால் பார்த்தவர். தெரிந்தே பொய் எழுதச் சொல்கிறார், அதுவும் அவள் கையால்.

இடுக்கியால் அந்தப் புதுத்தாளின் ஓரத்தைப் பிடித்து அவர் கைக்கு அடியிலிருந்து உருவினாள். மருந்தைத் தெளித்துச் சூட்டில் காட்டினாள். வெள்ளைத் தாளில் ஐந்து விரல்கள் ஊதாவாக எழுந்தன. குடுவைப் புள்ளிக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை.

"இதுக்கு நான் தீப்பொறி விடல சார்."

அவர் முகம் கறுத்தது. "டிசம்பர்ல பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அந்தத் தாளைக் குறிப்பேட்டில் ஒட்டி, கீழே எழுதினாள்: ஒப்பீட்டுக் குடுவை கழுவப்பட்டது. சோதனை செல்லாது. பிறகு ஒயர்களைக் கழற்றி, நல்ல முடிவு தந்த குடுவையைத் தூக்கிப் பாவாடையிடம் நீட்டினாள்.

"இதையும் கழுவுங்கண்ணே."

"ஐயையோ, இதுலதான் நல்லா வந்துச்சின்னு ஐயா சொன்னாரு?"

"கழுவுங்க. ரெண்டையும் மொதல்லேருந்து ஆரம்பிக்கப் போறோம். அதே சோப்பு, அதே தண்ணி. அதுக்கு எத்தினி வாட்டி தேய்ச்சீங்களோ, இதுக்கும் அத்தினி வாட்டி."