முட்டையாக வந்த கண்

மருத்துவப் பாடநூல்களுக்குப் படம் வரைவதில் ஓவியம்மாவுக்கு இருபத்தாறு வருட அனுபவம். பதிப்பகத்தில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். திடீரென்று ஒருநாள் அங்கிருந்த எல்லாக் கணினிகளையும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து, கணினியோடு இணைத்த வரைபலகையான டேப்லெட்டில் பேனாவால் வட்டம் போட்டால் திரையில் முட்டை வந்தது. கையில் இருந்ததோ கண் அறுவை சிகிச்சை நூல். பக்கத்துக்குப் பக்கம் கருவிழி.

கணினிகளைப் பராமரிக்கும் சிஸ்டம்காரர் வந்தார். டேப்லெட்டைத் தொடக்கூட இல்லை.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்க. கை நடுங்குதோ என்னவோ. வயசாகுதுல்ல?"

போனவர் சும்மாவும் இருக்கவில்லை. புகார்ப் பதிவில் ‘கைநடுக்கம்; கணினியில் பழுதில்லை’ என்று எழுதி முடித்து வைத்துவிட்டார். மறுநாள் மேனேஜர் குழைந்து குழைந்து, கண் அத்தியாயங்களை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. ஓவியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். அவர் பஸ் மெக்கானிக்.

"உன் மேசையில எத்தனை ஸ்கிரீன்?"

"ரெண்டு."

"ஒண்ணைக் கழட்டிட்டு வரைஞ்சு பாரு. எதுல கோளாறுன்னு தெரியலைன்னா நாங்க ஒவ்வொண்ணாக் கழட்டித்தான் பாப்போம்."

காலையில் முதல் வேலையாக ஒரு திரையின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வட்டம் போட்டார். வட்டமே வந்தது. ஒயரைச் செருகினார், முட்டை. டேப்லெட்டின் சின்னப் பரப்பைக் கணினி இரண்டு திரைக்கும் சேர்த்து இழுத்து நீட்டியிருந்தது! உதவிப் பக்கங்களைத் தேடிப் படித்தார். பேனாவை ஒரு திரையோடு நிறுத்த ஒரே ஒரு வரிக் கட்டளை போதுமாம். கட்டளை தட்டும் டெர்மினல் சன்னலைத் திறந்து தட்டினார், சரியானது. கணினியை அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய கதை. கணினி தொடங்கும்போதே தானாக ஓடும்படி அந்த வரியைச் சேர்த்து வைத்தார். பிறகு நேராக மேனேஜர் அறைக்குப் போய், சிஸ்டம்காரரையும் வரவழைத்தார்.

"எனக்கே ஒரு காலையில புரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம், தப்பில்லை. பழியை ஏன் என் கை மேல போட்டீங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க."

"பேச்சுக்குச் சொன்னதை எதுக்கு எழுதி வச்சீங்க?"

"விடுங்கம்மா, அதான் சரியாயிடுச்சே" என்றார் மேனேஜர்.

"மெஷின் சரியாயிடுச்சு சார். என் பேருல எழுதினது அப்படியேதானே இருக்கு? அதை மாத்தாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

நகரவும் இல்லை. சிஸ்டம்காரர் மேனேஜரின் கணினியிலேயே குனிந்து நின்று, ஓவியம்மா சொல்லச் சொல்லத் தட்டினார்: ‘திரை அமைப்பில் தவறு. ஓவியரே சரிசெய்தார்.’ மன்னிப்பு மட்டும் சிஸ்டம்காரர் வாயிலிருந்து வரவில்லை. ஓவியம்மா கொஞ்ச நேரம் காத்து நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

கோபம் சாயங்காலம்வரை அடங்கவில்லை. அதே வேகத்தில் நாலு படங்களை முடித்துவிட்டார். அன்று வரைந்த கண்கள் எல்லாமே யாரையோ முறைப்பது போலிருக்கின்றன என்றாள் பக்கத்து மேசைப் பெண்.